எண்பத்தேழாம் நம்பர் டோக்கன்

சேலத்துக்கு மேற்கே, சங்ககிரி ரோட்டில் இருந்த நூல் மில்லில் பெரியநாயகி ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தாள். அந்த ஐந்து வருஷத்தில் அவள் வராத நாள் மூன்றே மூன்று. கம்பெனி ரிஜிஸ்தர் அப்படித்தான் சொன்னது. ரிஜிஸ்தர் பொய் சொல்லாது. பெரியநாயகியும் பொய் சொல்லுகிறவள் அல்ல. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாள் அவள் வீட்டில்தான் இருந்தாள் என்பதும் உண்மை.

இந்த உண்மைகளெல்லாம் சண்டை போடாமல் ஒரே கூரைக்குள் குடித்தனம் நடத்தியது எப்படி என்று தெரிய வேண்டுமானால், அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பார்க்க வேண்டும்.

பிறந்தது மல்லசமுத்திரத்துப் பக்கம். அப்பன் வீட்டில் ஒரு தறி, கொஞ்சம் மேட்டுக்காடு, நாலு பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு கிணறு. காவேரியில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் சேலத்து நெசவுக்காரர் வீடு ஒன்றில் மூத்த மருமகளாக வந்தாள். அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று தறி. இரண்டாவது மருமகள் அத்தாயி. அவள் மெதுவாகப் பேசினாலே மூன்றாவது வீட்டில் விளக்கம் கேட்பார்கள். கடைசி மருமகள் தெய்வநாயகி. பெரியநாயகியின் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

1933இல் மில் திறந்து, ரீலிங் டிபார்ட்மெண்டுக்குப் பெண்கள் வேண்டுமென்றார்கள். பாபினில் இருக்கும் நூலைக் கைராட்டினம் போன்ற மிஷினில் சுற்றிப் பெரிய நூல் வளையங்களாக, சிட்டம் சிட்டமாக எடுக்கிற வேலை. அந்தச் சிட்டம்தான் கைத்தறிக்காரர்களுக்குப் போகும். இத்தனை சிட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெரியநாயகி பேர் கொடுத்தாள். 87 என்று பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டில் மூன்று தறிக்கும் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்ற ஒருத்தி வேண்டும். அடுப்பைப் பார்க்க ஒருத்தி வேண்டும். ஒருத்தியே தினமும் மில்லுக்குப் போனால் மற்ற இருவருக்கும் முகம் சுண்டும். ஆகவே முதல் வாரமே முறை வைத்துக்கொண்டார்கள். இன்று மில்லுக்குப் போனவள் நாளை தார் சுற்றுவாள், நாளன்றைக்கு அடுப்பு. டோக்கன் மட்டும் தினமும் போய் வந்தது. இதில் ஏமாற்று இருப்பதாக மூவருக்கும் தோன்றவேயில்லை. கம்பெனி கேட்டது ஒரு ஆள். தினம் ஒரு ஆள் போனது. கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

கம்பெனிக்கும் குறை தெரியவில்லை. காலையில் கேட்டுக்குள் நுழைகிறபோது டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். டைம் ஆபீஸ் குமாஸ்தா அற்புதராஜ் பலகையைப் பார்த்து ரிஜிஸ்தரில் குறிப்பார். முகத்தைப் பார்த்து எழுதுகிற வழக்கம் இல்லை. பார்த்தாலும் பயனில்லை, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பெண்கள், எல்லார் தலையிலும் முக்காடு, பத்து மணிக்குள் எல்லார் முகத்திலும் ஒரே பஞ்சு. எண்பத்தேழாம் மிஷினருகே மட்டும் ஒரு கால்பலகை இருந்தது. தெய்வநாயகி முறை வரும் நாளில் அதன் மேல் ஏறி நிற்பாள். மற்ற நாளில் அது சுவரோரம் சாய்ந்திருக்கும். ரீலிங் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தங்கைக்குப் பதில் அக்காள், மகளுக்குப் பதில் தாய் என்று அவர்களும் ஆத்திர அவசரத்துக்கு ஆள் மாற்றுகிறவர்கள்தான். ஆனால் எண்பத்தேழைப் போல ஒழுங்காக மாற்றியவர் யாருமில்லை.

டோக்கன் தொங்காத அந்த மூன்று நாள் மாமியார் இறந்தபோது. அதற்கு மட்டும் முறை வைக்க முடியவில்லை.

1938இல் நூல் விற்காமல் குடோன் நிரம்பியது. ராசிபுரத்து வியாபாரிகள் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ரீலிங் கூலியில் மூன்றில் ஒரு பங்கு உடனே குறைய வேண்டும் என்று டைரக்டர்களிடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் மானேஜர் கைலாசத்தின் மேஜைக்குப் போனது. கணக்கில் பி.ஏ. படித்தவர். நியாயமான மனுஷர். தொந்தரவே அதில்தான். நியாயமில்லாத மானேஜராக இருந்தால் கண்ணில் பட்டபடி மூன்றில் ஒரு பங்கு, அறுபத்து நாலு பேரை அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். கைலாசம் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் யோசித்தார். அந்த ஒரு வாரத்துக் கூத்தை அற்புதராஜ்தான் பிற்பாடு பெரியநாயகிக்குச் சொன்னார்.

கடைசியில் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பலாம் என்று பார்த்தார். கடைசியில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் டைரக்டர்களின் சிபாரிசுக் கடிதத்தோடு சேர்ந்தவர்கள். மேஸ்திரியைக் கேட்கலாம் என்று பார்த்தார். மேஸ்திரிக்குத் திறமைசாலியாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் மேஸ்திரிக்குச் சொந்தமாகவும் இருந்தார்கள். அபராதப் புத்தகத்தைப் பார்த்தார். அதிகம் நூல் அறுத்தவள் எவளோ அவளே அதிகம் சிட்டம் எடுத்தவளாகவும் இருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தவள் பேரில் ஒரு அபராதமும் இல்லை. வயதானவர்களை அனுப்பலாமென்றால் யாருக்கும் வயது தெரியவில்லை. "வெள்ளம் வந்தப்ப எனக்குப் பல்லு உளுந்துச்சுங்க" என்று ஒருத்தி சொன்னாள். பால் பல்லா, கிழட்டுப் பல்லா என்று கேட்கக் கைலாசத்துக்குக் கூச்சமாக இருந்தது.

மிஞ்சியது வருகை ரிஜிஸ்தர். அதற்குச் சொந்தக்காரர் இல்லை, சிபாரிசு இல்லை, பல் இல்லை. அவர் அதைப் புரட்டினார். எண்பத்தேழாம் வரிசையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அற்புதராஜ்! ஐந்து வருஷத்தில் மூன்று நாள்! ஒரு பொம்பளையால் முடிகிறதென்றால் மற்றவர்களால் ஏன் முடியவில்லை?"

அற்புதராஜுக்கு அரைகுறையாகச் சந்தேகம் உண்டு. ஆனால் ரிஜிஸ்தரை எழுதியவர் அவர். கர்த்தரை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

செவ்வாய்க்கிழமை கேட்டருகே நோட்டீஸ் ஒட்டினார்கள். எண்பத்தேழாம் டோக்கன் வந்த நாளில் மூன்றில் இரண்டு பங்குகூட வராதவர்களுக்கு வரும் சனிக்கிழமையோடு வேலை இல்லை. எண்ணிப் பார்த்ததில் சரியாக அறுபத்து நாலு பேர் விழுந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மில் முற்றத்தில் எண்பத்தேழாம் டோக்கன் பெரியநாயகிக்குக் கம்பெனி சார்பில் ஒரு வெள்ளி டம்ளர் வழங்கப்படும். மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அன்றைய முறை தெய்வநாயகியுடையது. நோட்டீஸை யாரோ படித்துச் சொல்லக் கேட்டு, அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, உனக்கு டம்ளர் தர்றாங்களாம். வெள்ளியிலங்க்கா!"

அத்தாயி தார் சுற்றுவதை நிறுத்தினாள். "யாருக்கு? இவளுக்கா? எட்டு நாளைக்கு முந்திகூட நான் காய்ச்சலோட போனேன். அந்த டம்ளரு என்னுது!"

"மூணா அறுத்துக்கலாமுங்க்கா," என்றாள் தெய்வநாயகி. "அடிப்பக்கம் எனக்கு. நான்தானே குட்டை."

மூவரும் சிரித்தார்கள். அறுபத்து நாலு பேர் விஷயத்தைத் தெய்வநாயகி சொன்னது அதற்கப்புறம்தான்.

மறுநாள் பெரியநாயகியின் முறை. அவள் மிஷினுக்கு அடுத்த மிஷின் செல்வமேரியுடையது. ஐந்து வருஷத்துக்கு முன் பெரியநாயகிக்கு அறுந்த நூலை முடிபோடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நாலு பிரசவம், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மாதம். மாற்றி அனுப்ப வீட்டில் ஓரகத்தி கிடையாது. புருஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். அறுபத்து நாலில் அவள் ஒருத்தி.

மத்தியானம் வரை செல்வமேரி சிட்டம் எடுத்தாள். சோற்றுப் போசியைத் திறந்தபோது, "டம்ளரு வந்ததும் ஒரு நாளைக்குக் காப்பி ஊத்திக் குடு, பெரியநாயகி," என்றாள்.

"நீ வேற, ஏம்புள்ள..."

"நெசமாத்தான். உம்மேல எனக்குக் கோவமில்ல. நான் ஒருத்தி. நீங்க மூணு பேரு. ஒருத்தி மூணு பேருகூட ஓடி எப்படி ஜெயிக்கறது? அதான் தோத்துட்டேன்."

"ஆபீசுல போயிச் சொல்லீருக்கலாமே? எங்க சங்கதி உனக்குத் தெரியாதா?"

"எனக்கு மட்டுமா தெரியும்? இங்க இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். அறுவத்து நாலு பேத்துல ஒருத்தி வாயத் தொறந்தாளா பாத்தியா?" செல்வமேரி சோற்றைப் பிசைந்தாள். "உன்னைக் கொறை சொல்லி நான் வேலை வாங்கவா? போ, போயி சிட்டத்தை எடு."

பெரியநாயகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவளை யாராவது காட்டிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், இல்லையென்று சாதித்திருப்பாள். யாரும் காட்டிக் கொடுக்காததால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் வியாழக்கிழமை பெரிய ரகளை. மில்லிலிருந்து வந்த அத்தாயி சொன்னாள்: "வாயை மூடிட்டு டம்ளரை வாங்கு. சொன்னா டோக்கனைப் புடுங்கிருவான். மூணு தறிக்கும் நூலு வாங்கறதே அந்தக் காசுலதான், மறந்துட்டியா?"

"மறக்கலை. ஆனா நம்மளை வெச்சுத்தான அவளை அளந்திருக்கறான்? அளவுகோலு கோணல்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நிக்கச் சொல்றயா?"

"கோணலாப் போனா போகட்டும்!"

"அத்தாயி. நாளைக்கு உனக்கு மேலுக்கு முடியலீன்னு வையி. நானும் தெய்வநாயகியும் இல்லை, நீ ஒண்டி. அப்ப?"

அத்தாயி தார்க்கூடையை ஓரமாக நகர்த்தினாள். "போறதுன்னா ஒருத்தி போகக் கூடாது. மூணு பேரும்தான்," என்றாள். "எனக்கும் அந்த டம்ளரைப் பாக்கோணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் ரீலிங் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். விழாவுக்காகக் கேட்டைத் திறந்தே விட்டிருந்தார்கள். கைலாசம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மேஜை மேல் டம்ளர் வெயிலில் மின்னியது. 87 என்று எண் வெட்டியிருந்தது.

"டோக்கன் எண்பத்தேழு!" என்று அற்புதராஜ் கூப்பிட்டார்.

மூன்று பெண்கள் முன்னால் வந்தார்கள்.

"எண்பத்தேழை மட்டும்தான் கூப்பிட்டேன்."

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறோம்," என்றாள் அத்தாயி. கேட்டுக்கு வெளியே போன மாட்டு வண்டி நின்றது.

கைலாசம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இதில் யாரம்மா பெரியநாயகி?"

"நானுங்க. நேத்து முறை இவளுது. இன்னிக்கு முறை இந்தச் சின்னவளுது. எனக்கு நாளைக்குத்தானுங்க." பெரியநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சந்தையில் விலை சொல்வதைப் போலச் சொன்னாள்.

கைலாசம் பொறுமையாகத் தலையாட்டினார். "உளறாதே அம்மா. பயந்து போயிருக்கிறாய். நீ தினமும் வந்திருக்கிறாய், ரிஜிஸ்தர் இருக்கிறது."

"வரலீங்களே."

"வந்திருக்கிறாய். அடியில் என் கையெழுத்து இருக்கிறது."

"உங்க கையெழுத்து வந்திருக்குமுங்க. நான் வரலீங்க."

பெண்கள் கூட்டத்தில் முதல் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது. கைலாசத்தின் காது சிவந்தது.

"வாங்க சாமி, என்ற மிசினை வந்து பாருங்க," என்று பெரியநாயகி முன்னால் நடந்தாள். மானேஜர் தொழிலாளிக்குப் பின்னால் நடந்தது அந்த மில்லில் அதுதான் முதல் தடவை. மிஷினுக்கு முன்னால் கிடந்த பலகை மேல் பெரியநாயகி ஏறி நின்றாள். ராட்டினம் அவள் தொடைக்குக் கீழே போயிற்று. கைப்பிடியைப் பிடிக்கக் கும்பிடு போடுவது போலக் குனிய வேண்டியிருந்தது. "எனக்கு இந்தப் பலகை எதுக்குங்க?" இறங்கினாள். தெய்வநாயகி ஏறினாள். கைப்பிடி அவள் கைக்குச் சரியாக வந்தது. கேட்காமலேயே நாலு சுற்றுச் சுற்றி, அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிபோட்டுக் காட்டினாள்.

கணக்குப் படித்தவருக்கு ஒரு நிரூபணம் போதும். கைலாசம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஆள்மாறாட்டம். இதற்கு என்ன தண்டனை தெரியுமா?"

"டோக்கனைப் புடுங்கறது. புடுங்கிக்கங்க." கேட்டுப் பலகையிலிருந்து முன்பே கழற்றி வந்திருந்த டோக்கனைப் பெரியநாயகி இடுப்புச் சுருக்கிலிருந்து எடுத்து நீட்டினாள். "ஆனா என்னைய வெச்சு இவங்களை அளக்காதீங்க. மூணு பேரு நடந்த தூரத்தை ஒருத்தி நடக்கலீன்னு ஊட்டுக்கு அனுப்பறது நாயமுங்களா? நீங்க நாயம் பாக்கறவருன்னுதான் சொல்றனுங்க."

அதுதான் அவரை எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடித்தது. கைலாசம் டோக்கனை வாங்கவில்லை.

"நான் என்னம்மா செய்யட்டும்? ரீலிங் கூலி மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டுமென்று மேலேயிருந்து உத்தரவு. இந்த அளவு தப்பென்றால் வேறு அளவு. யாராவது அறுபத்து நாலு பேர் போயாக வேண்டும்."

"கூலியக் கொறைக்கச் சொன்னாங்களா, ஆளைக் கொறைக்கச் சொன்னாங்களா?"

"இரண்டும் ஒன்றுதானே?"

"எப்படிங்க ஒண்ணாகும்? எங்க அப்பன் ஊட்டுக் கெணத்துல நாலு பங்காளிங்க. கோடையில தண்ணி கொறைஞ்சா, ஒரு பங்காளிய ஊரை உட்டு முடுக்கறதில்லீங்க. ஆளுக்கு அரை நாள் எறைச்சாங்கன்னா, அதைக் கா நாளாக்கிக்குவாங்க. மழை பேஞ்சா மறுபடி அரை நாளு. எங்க மூணு பேத்துக்கும் ஒரு டோக்கன் பத்துச்சு. இங்கயும் அப்படி முறை வெச்சா என்னங்க? மூணு பேருக்கு ரெண்டு டோக்கன். ரெண்டு நாளு வேலை, ஒரு நாளு ஊடு."

பி.ஏ. படித்தவர் விரலை மடக்கி எண்ணுவதை எல்லாரும் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டை மூன்றால் வகுத்தால் அறுபத்து நாலு. தினமும் அறுபத்து நாலு மிஷின் நிற்கும். எடுத்த சிட்டத்துக்குத்தான் கூலி. ஆகக் கூலியும் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு வாரமாக ரிஜிஸ்தரில் தேடியது பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆனால் எல்லாருக்கும் இனிக்கவில்லை. நாற்பத்தொன்றாம் டோக்கன் சின்னாயி, பட்டியலில் இல்லாதவள், முன்னால் வந்தாள். நிஜமாகவே ஒண்டியாகக் கிட்டத்தட்டத் தினமும் வந்தவள் அவள்.

"நான் ஏனுங்க கொறைச்சுக்கோணும்? என்ற பேருதான் லிஸ்டுல இல்லையே!"

பெரியநாயகி அவள் பக்கம் திரும்பினாள். "இல்ல, அம்மிணி. இந்தத் தடவை நீ தப்பிச்சுட்டே. ஆனா எண்பத்தேழு போச்சு. அடுத்த தடவை அளவுகோலு நீதான். உன்னைய வெச்சு இத்தனை பேத்தையும் அளப்பாங்க. அதுக்கு அடுத்த தடவை உன்னையே வேற ஒருத்திய வெச்சு அளப்பாங்க. அப்ப யாரு உனக்காக வருவா?"

சின்னாயி கூட்டத்தைப் பார்த்தாள். அறுபத்து நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். "அப்படின்னா எனக்கு வீட்டு முறை ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த நாளு வர்ற மாதிரி போடச் சொல்லு," என்றாள். "அஞ்சு வருசமா நான் பொறந்த ஊட்டுக்கே போகலை." அப்போது கிளம்பிய சிரிப்பு பஞ்சு ரூம் வரைக்கும் கேட்டதாம்.

பெரியநாயகியை நீக்குகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஐந்து வருஷம் கையெழுத்துப் போட்டது யார் என்று டைரக்டர்கள் கேட்பார்கள். இதை அற்புதராஜ் மானேஜரின் காதில் மெல்லச் சொன்னார். அந்த ஐந்து வருஷத்தில் அவர் செய்த மிகச் சூட்டிகையான வேலை அதுதான். ஆனால் கைலாசமும் ஒன்றில் ஜெயித்தார். இனி ஒரு டோக்கனுக்கு ஒரு முகம்தான்; அற்புதராஜ் டோக்கன் பலகையை அல்ல, ஆளைப் பார்த்து எழுத வேண்டும். அத்தாயியும் தெய்வநாயகியும் வீட்டோடு. டம்ளர்? ரிஜிஸ்தர்படி அது எண்பத்தேழுக்குச் சேர வேண்டியது, எண்ணையும் வெட்டியாகிவிட்டது. கொடுத்துத்தான் தீர வேண்டியிருந்தது. வீட்டில் அதில் காப்பி குடிக்க முறை வைத்தார்கள். முதல் காப்பி செல்வமேரிக்கு.

எல்லாருக்கும் வருமானம் குறைந்தது; அந்தக் கோடை முழுக்க முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அறுபத்து நாலு அடுப்பில் ஒன்றுகூட அணையவில்லை. மறுவருஷம் யுத்தம் வந்தது. அதற்கடுத்து நூலுக்குக் கிராக்கி ஏறியது. ஆட்களை அனுப்பிவிட்ட மில்கள் கைதேர்ந்த பெண்களைத் தேடிச் சந்தைகளில் தண்டோரா போட்டபோது, இந்த மில்லில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மிஷினும் ஒரே காலையில் சுற்ற ஆரம்பித்தன. தொலைநோக்குள்ள மானேஜர் என்று கைலாசத்துக்கு டைரக்டர்கள் கடிதம் எழுதினார்கள். அவர் அதைப் பெரியநாயகிக்குப் படித்துக் காட்டினார் என்பதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். புதிதாக ஆள் எடுத்தபோது அத்தாயிக்கு 193, தெய்வநாயகிக்கு 194. பழக எட்டு நாள் ஆகும் என்று சொன்ன மேஸ்திரி, இருவரும் எட்டு நிமிஷத்தில் பழகியதைப் பார்த்து வாயைப் பிளந்தான். தெய்வநாயகி பலகையைத் தன்னோடு கொண்டு போய்விட்டாள்.

ஆனால் பெரியநாயகியைக் கேட்டால் டம்ளரையோ யுத்தத்தையோ சொல்லமாட்டாள். புது முறை தொடங்கி அவளுக்கு வந்த முதல் வீட்டு நாளைத்தான் சொல்வாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் சோறாக்கி வைத்துவிட்டு நேரே மில்லுக்கு நடந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, இன்னிக்கு என்ற பேருக்கு என்னங்க எழுதியிருக்கறீங்க?"

அற்புதராஜ் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். எண்பத்தேழாம் வரிசையில், நீல மைக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

"இதுதானுங்களா நான் வராதது?"

"ஆமாம்."

"நான் வந்திருக்கறனே!"

"வந்திருக்கிறாய். ஆனால் வரவில்லை," என்றார் அற்புதராஜ், அலுப்போடு.

பெரியநாயகிக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே நூற்றிருபத்தெட்டு மிஷின் சுற்றுகிற சத்தம். எண்பத்தேழாம் மிஷினில் செல்வமேரி முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சிட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு இரண்டு மிஷின் என்ற முறையில், அன்று ஓய்வு அவள் மிஷினுக்கு.

"செரீங்க, செரியாத்தான் எழுதியிருக்கறீங்க," என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.